கார்டில் சேராத மைலோ

பினாங்கில் நான் வேலை பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரியில் நாலாவது மாடி வார்டுக்கு இருபத்தெட்டுக் கட்டில்கள். அன்றைக்கு இருபத்தெட்டும் நிரம்பியிருந்தன. அதில் நிஜ நோயாளிகள் எத்தனை பேர் என்று கேட்டால், பதினொரு பேர் என்பேன். மற்றவர்கள் ஸ்கேனுக்காகப் படுத்திருந்தவர்கள். நடந்து வந்து ஸ்கேன் எடுத்துவிட்டுப் போனால் கைக்காசு. ஒரு ராத்திரி படுத்து எடுத்தால் இன்சூரன்ஸ் கார்டு. அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் சொந்தத் தலையணையோடு வந்துவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்கும் இதில் வருத்தமில்லை. போன வருஷம் இரண்டாவது ஸ்கேன் மெஷின் வாங்கினார்கள், அதற்கும் ஆள் வேண்டுமே.

பதினாலு வருஷமாக இன்சூரன்ஸ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஆள் ஏன் படுத்தே ஆக வேண்டும் என்று கம்பெனிக்குக் காரணம் எழுதுவது என் வேலை. நன்றாகவே எழுதுவேன். அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை.

பெயிண்ட் கடைக்காரர் கூ பூன் டேய்க், தன் மனைவி கிம் லுவானோடு வந்து நின்றார். அவருக்கு அறுபத்தொன்று. முதுகுவலி.

"ஸ்கேன் மட்டும் எடுத்தா எவ்ளோ, மிஸ்?"

"ஆயிரத்து முந்நூறு ரிங்கிட், அங்கிள். நீங்கதான் கட்டணும்."

"படுத்து எடுத்தா?"

"ஏழாயிரம் கிட்ட வரும். கார்டு பாத்துக்கும்."

"அதே மெஷின்தானே?"

"அதே மெஷின்தான்."

"அப்ப படுத்தே எடுக்கறேன்."

அந்த ஏழாயிரம் யார் காசு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"இந்த வருஷம் பிரீமியத்த பாதிக்கு மேல ஏத்திட்டானுங்க," என்றார். "இருபது வருஷமா கட்றேன், ஒரு தடவ கூட தொட்டதில்ல. இப்பவும் வசூல் பண்ணலைன்னா என்னை மாதிரி மடையன் உண்டா?"

கிம் லுவான் சிரித்தாள். "என் கார்ட பிப்ரவரியிலயே நிறுத்தியாச்சு, மிஸ். ஏத்தின ஏத்துக்கு ரெண்டு பேருக்கும் எங்க கட்றது? இந்தக் கெழவனுக்குத்தான் தெனம் ஒரு வலி. எனக்குப் பிரசவத்துக்கு அப்புறம் ஆஸ்பத்திரி வாசலே தெரியாது."

அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. அவர் கீழே விழுந்த கடைச்சாவியைக் குனிந்து எடுத்தார். நான் 'குனிய முடியாத கடுமையான முதுகுவலி' என்று எழுதினேன்.

"அங்கிள், கம்பெனிலேர்ந்து போன் வந்தா வலி பத்துக்கு எட்டுன்னு சொல்லுங்க. அஞ்சுன்னு உளறிடாதீங்க."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவரிடம் ஒரு கையெழுத்துக்காக வார்டுக்குப் போயிருந்தேன். ஸ்கேன் முடிந்து, முதுகில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். லிஃப்டில் கூட்டம் என்று கிம் லுவான் நாலு மாடி ஏறி, கஞ்சியும் உப்பு முட்டையும் கொண்டுவந்திருந்தாள். விசிட்டர் நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு ஏ.சி.யிலும் வேர்த்துக்கொண்டிருந்தது.

"ஒடம்புல காத்து புகுந்துடுச்சு ஒனக்கு," என்று அவர் கட்டிலிலிருந்து இறங்கி அவள் பிடரியில் தைலம் தேய்த்தார். நர்ஸைக் கூப்பிட்டுச் சூடாக ஒரு கப் மைலோ கேட்டார். அவள் இரண்டு வாய் குடித்தாள். தாடை வலிக்கிறது என்றாள். அப்புறம் கப் கையிலிருந்து நழுவியது.

மாரடைப்பு. கீழே எமர்ஜென்சியில் முதல் மருந்துகளைக் கொடுத்துவிட்டார்கள். உடனே ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்க வேண்டும், முன்பணம் முப்பதாயிரம். இதைச் சொல்லும் வேலையும் என்னுடையதுதான்.

"என் கார்ட போடு, மிஸ்."

"அதுல உங்க பேர்தான் இருக்கு, அங்கிள்."

"என் கட்டில அவளுக்குக் குடு. நான் நல்லாத்தான் இருக்கேன்."

நல்லாத்தான் இருக்கேன் என்று கார்டு வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"கார்டு ஆளுக்குத்தான், கட்டிலுக்கு இல்ல," என்றேன்.

மச்சானுக்குப் போன் செய்தார், பெயிண்ட் சப்ளை செய்பவருக்குப் போன் செய்தார். நாற்பது நிமிஷத்தில் ஒன்பதாயிரம் தேறியது. இனியும் காத்திருக்கக் கூடாது, அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், அங்கே முன்பணம் கேட்க மாட்டார்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. பூன் டேய்க் ஆஸ்பத்திரியின் நீல உடுப்போடு பின்னாலேயே ஓடினார்.

நான் போய்த் தடுத்தேன். சொல்லாமல் விட்டால் என் வேலை போகும். "அங்கிள், கம்பெனிலேர்ந்து டிஸ்சார்ஜ் லெட்டர் இன்னும் வரல. இப்ப கெளம்பினா மொத்த பில்லும் உங்க தலையில."

கிம் லுவான் ஸ்ட்ரெச்சரில் இருந்தபடி மாஸ்க்கை விலக்கினாள். "கெழவா, லெட்டர வாங்கிட்டே வா. ஏழாயிரத்த சும்மா தூக்கிக் குடுத்துட்டு வந்தே, நான் ஒங்கூட பேச மாட்டேன்."

அவர் நின்றுவிட்டார். ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தினார்கள்.

கஞ்சி கொண்டுவந்த கேரியரை மடியில் வைத்துக்கொண்டு என் கவுண்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் கம்பெனிக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்றாவது தடவை அவர்கள் நோயாளியோடு பேச வேண்டும் என்றார்கள். ரிசீவரை அவரிடம் கொடுத்தேன். இப்போது வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

"எட்டு," என்றார்.

அந்த எட்டை நான் நம்பினேன்.

ஒன்றே முக்காலுக்கு லெட்டர் வந்தது. ஸ்கேன், கட்டில், டாக்டர், அவர் சாப்பிடாத மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் ஒப்புதல். ஒரே ஒரு வரியை மட்டும் அடித்திருந்தார்கள்: விசிட்டர் உணவு, மைலோ ஒன்று, ஆறரை ரிங்கிட், கார்டில் சேராது.

அவர் பத்து ரிங்கிட் நோட்டை நீட்டினார். அதை வாங்காமல் போகச் சொல்லியிருக்கலாம். அந்த ஆறரை ரிங்கிட்டை நான் போட்டிருக்கலாம். பழக்கதோஷம், வாங்கிக்கொண்டு சில்லறை எடுக்க டிராயரைத் திறந்தேன். அப்போது அவர் போன் அடித்தது. எடுத்துக் கேட்டார்.

"ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டுபோனாங்களாம்," என்றார் என்னிடம். "அதுக்குள்ள இதயம் நின்னுடுச்சாம்."

மூன்றரை ரிங்கிட்டை எப்படியோ எண்ணி அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை எடுத்து நீல உடுப்பில் பையைத் தேடினார். அதில் பை கிடையாது. சில்லறையைக் கேரியருக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார், கதவு வரை போனார், திரும்பி வந்தார்.

"ரசீது குடு, மிஸ்," என்றார். "அவ கேப்பா."