ஒட்டிய இடம்

அம்மாவுக்கு ஒரு விமானம் வாங்கிக் கொடுத்தேன் என்று அலுவலகத்தில் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். பிளாஸ்டிக் விமானம், பாகம் பாகமாகப் பெட்டியில் வரும், நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். வீடு துடைக்கிறவளுக்குப் பொம்மை விமானம் எதற்கு என்று எவனும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாகச் சொல்லியிருப்பேன்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா பிறர் வீடுகளைத் துடைக்கிறாள். அவற்றில் ஒன்று கண் டாக்டர் வீடு. அங்கே ஒரு கண்ணாடி அலமாரி நிறைய விமானங்கள். டாக்டர் ஓய்வு நேரத்தில் தன் கையாலேயே ஒட்டிப் பெயிண்ட் அடித்தவை. மெல்லிய பிரஷ்ஷால் அவற்றுக்குத் தூசி தட்டுவதுதான் அன்றைய வேலையிலேயே அம்மாவுக்குப் பிடித்த வேலை. வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொல்வாள், "அந்தச் செவப்பு வாலு விமானம் இருக்குல்ல, அதுக்கு உள்ள ஒரு குட்டி நாற்காலி இருக்குடி. ஆளு இல்ல, நாற்காலி மட்டும்."

ஒரு நாள் தூசி தட்டும்போது சாம்பல் நிற விமானம் ஒன்றின் இறக்கை கழன்று விழுந்தது. டாக்டரின் மனைவி ஓடி வந்தாள். "முரட்டுக் கை. இந்தக் கைக்குப் பாத்திரம்தான் சரி" என்றாள். டாக்டர் இறக்கையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அலமாரியில் வைத்து மூடினார். அன்றோடு அந்த அறைக்குள் அம்மா போகக் கூடாது என்று ஆயிற்று. அதற்குப் பிறகும் அந்த வீட்டில் வருஷக் கணக்கில் பாத்திரம் தேய்த்தாள். அது எனக்கு இன்னும் எரிகிறது.

அதைவிட எரிவது வேறு. அம்மா அதை நம்பிவிட்டாள். என் மூக்குக்கண்ணாடி மேசையில் இருந்தால் தொட மாட்டாள். "நீயே எடுத்துக்கோ, என் கை முரட்டுக் கை." எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பட்டச் சுருளைக் கையில் கொடுத்தபோது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீ பிடிச்சுக் காட்டு, நான் பாக்குறேன்" என்றவள்.

போன மாதம் கடைத்தெருவில் நடந்தபோது ஒரு கடையின் கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டாள். உள்ளே விமானப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கூப்பிட்டுப் பார்த்தேன், காதில் விழவில்லை. மறுநாள் போய் வாங்கி வந்தேன்.

பெட்டியைத் திறந்ததும் அம்மா பதறிப்போனாள். "என்னடி இது, எல்லாம் உடைஞ்சு கெடக்கு! உடைஞ்சதையே உன் தலைல கட்டிட்டான்!"

"இப்படித்தாம்மா வரும். நாமதான் ஒட்டணும்."

"நீ ஒட்டு. நான் தள்ளி உக்காந்து பாக்குறேன்."

எவ்வளவு சொல்லியும் கிட்டே வரவில்லை. சரி, ஒன்றை முடித்துக் காட்டினால் ஆசை வரும் என்று நானே உட்கார்ந்தேன். எனக்குப் பொறுமை கிடையாது. பாகங்கள் பெட்டியில் வந்த பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டியிருக்கும்போதே எல்லாவற்றுக்கும் நீலப் பெயிண்ட் அடித்தேன். காய்ந்ததும் வெட்டி எடுத்து, வீட்டில் செருப்பு ஒட்ட வைத்திருந்த சூப்பர் குளூவால் சட்டு சட்டென்று ஒட்டினேன். தொட்டவுடன் பிடித்துக்கொண்டது. விமானி உட்காரும் இடத்துக்கு மேல் வரும், கண்ணாடி போலத் தெரிகிற பிளாஸ்டிக் மூடியை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் ஒரு புது பிரஷ்ஷை அம்மாவிடம் நீட்டினேன். "தூசி தட்டு."

"புதுசுல ஏதுடி தூசி?"

"சும்மா தட்டும்மா."

தயங்கித் தயங்கி வந்தாள். ஒற்றை விரலால் விமானத்தைப் பிடித்துக்கொண்டு, மூக்கிலிருந்து வால்வரை பிரஷ்ஷை ஓட்டினாள். அவள் முகம் மெல்ல விரிவதைப் பார்த்தேன். பிரஷ் இறக்கைக்கு வந்தது. டொக்கென்று இறக்கை மேசையில் விழுந்தது.

அம்மா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். கைகள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

"சொன்னேன்ல" என்றாள், அவ்வளவுதான்.

நான் இறக்கையை எடுத்துப் பார்த்தேன். முறிந்த இடம் மாதிரியே இல்லை. வழவழவென்று நீலப் பெயிண்ட்டோடு இருந்தது. அங்கங்கே பெயிண்ட் செதிலாக உரிந்து போயிருந்தது.

"அதுவும் இப்படித்தான் இருந்துச்சு" என்றாள் அம்மா.

"எது?"

"டாக்டர் வீட்டுது. பொருந்துற இடத்துக்குள்ளகூட சாம்பல் பெயிண்ட்டு, ரெண்டு பக்கமும். அந்தம்மா கத்துறப்ப மூஞ்சியப் பாக்க முடியல. அதையேதான் பாத்துக்கிட்டு நின்னேன்."

நான் இறக்கையையும் விமானத்தையும் பையில் போட்டேன். "செருப்ப மாட்டு. கெளம்பு."

கடைக்காரர் கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கவிட்டிருந்த மனிதர். இறக்கையை வாங்கிப் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"யாரு ஒட்டுனது?"

"நான்தான்."

"பெயிண்ட் அடிச்சுட்டு ஒட்டிருக்கீங்க. பெயிண்ட்டும் பெயிண்ட்டும்தான் ஒட்டிருக்கு. பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் ஒண்ணையொண்ணு பாத்துக்கவே இல்ல. போதாததுக்கு சூப்பர் குளூ. இழுத்தா தாங்கும், பக்கவாட்டுல ஒரு தட்டு தட்டுனா விட்டுரும்."

அம்மா என் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "தூசி தட்டுனாக்கூடவா தம்பி?"

"தும்முனாக்கூட விழும்மா."

"மெதுவா, பிரஷ்ஷால தட்டுனாலும்?"

"எப்படித் தட்டுனாலும். இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு விழும். அப்ப யாரு கை மேல இருக்கோ அவங்க தலைல விடியும்."

அம்மா தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டாள். அவர் சின்னக் கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்து வைத்தார். தண்ணீர் மாதிரி இருந்தது, மூடியிலேயே ஒரு குட்டி பிரஷ். "இது பிளாஸ்டிக் சிமெண்ட்."

"சிமெண்ட்டா? கொத்தனார் வேலையா இது?" என்றாள் அம்மா.

"கிட்டத்தட்ட அப்படித்தாம்மா. இது நடுவுல நின்னு ஒட்டாது. ரெண்டு பக்கத்தையும் லேசாக் கரைச்சுரும். கரைஞ்சது ரெண்டும் கலந்து ஒரே பிளாஸ்டிக்காக் காஞ்சுரும். ஆனா பெயிண்ட்டச் சுரண்டிட்டுத்தான் போடணும். ஜன்னலத் திறந்து வச்சுக்குங்க, நெடி அடிக்கும். ஒரு நாள் முழுக்கத் தொடக் கூடாது."

"விமானிக்கு மேல வர்ற கண்ணாடி மூடிக்கும் இதேவா?" என்று நான் கேட்டேன்.

"ஐயோ, அதுல இது பட்டா தழும்பாயிரும். சூப்பர் குளூ போட்டா அதோட ஆவி படிஞ்சு வெள்ளையாப் பூத்துரும். அதுக்குப் பள்ளிக்கூடத்துல காகிதம் ஒட்டுவாங்களே, அந்த வெள்ளைப் பசை போதும். காஞ்சா கண்ணுக்கே தெரியாது."

கடையை விட்டு இறங்கியதும் அம்மா என்னைப் பார்த்தாள். "வேதியியல் படிச்சேன் படிச்சேன்னு சொல்லுவியே. ஒரு பசை வாங்கத் தெரியல!"

அவள் விளையாட்டாகச் சொன்னாள். எனக்குத்தான் உள்ளே கொதித்தது. வேதியியல் படித்துவிட்டு, போனில் புகார் சொல்கிறவர்களிடம் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்கிறேன் நான். ஒரே ஒரு மன்னிப்பு, கேட்க வேண்டியவர்கள் கேட்காமலே இருந்துவிட்டார்கள். ஒட்டியவர் டாக்டர். வழவழவென்று பெயிண்ட்டோடு கழன்ற இறக்கையைக் கையில் எடுத்துப் பார்த்தவரும் அவர்தான். தன் ஒட்டுதான் விட்டது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

"வா, அந்த வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

"எதுக்கு?"

"சொல்றதுக்கு."

"என்னன்னு? 'அந்தக் காலத்துல நீங்க போட்ட பசை சரியில்ல'ன்னா? பைத்தியமாடி உனக்கு?" அம்மா நடுத்தெருவில் நின்று சிரித்தாள். "அவங்க மகன்கிட்டப் போயி எவ்வளவோ நாளாச்சு. வீடு பூட்டிக் கெடக்கு. பூட்டுகிட்டப் போயிக் கத்துவியா?"

கத்தியிருப்பேன். அவள் என் முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள். "நடடி. அந்தச் சிமெண்ட்டு எப்படி வேலை பாக்குதுன்னு பாக்கணும் எனக்கு."

எனக்கு, என்றாள்.

வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்தேன். அம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, இந்த முறை என் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். பிளேடைக் கேட்டு வாங்கி, இறக்கை பொருந்தும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டினாள். நான் செய்திருந்தால் பாதியில் அலுத்திருப்பேன். அவள் அடிப்பிடித்த பாத்திரத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துப் பார்த்துச் சுரண்டினாள். வெள்ளைப் பிளாஸ்டிக் தெரிந்தது. இறக்கையைப் பொருத்திப் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷின் நுனியால் இடுக்கைத் தொட்டாள். சிமெண்ட் தானாகவே கோடு போல உள்ளே ஓடியது.

"குடிச்சிருச்சுடி!" என்றாள். சற்று நேரம் அசையாமல் பிடித்திருந்தாள்.

பிறகு மற்ற இறக்கையை அவளே நிமிண்டிக் கழற்றிச் சுரண்டி ஒட்டினாள். வால். சக்கரங்கள். கடைசியில் தீக்குச்சி நுனியில் வெள்ளைப் பசையைத் தொட்டுக் கண்ணாடி மூடியின் ஓரத்தில் தடவி வைத்தாள். எல்லாம் முடிந்ததும் யாரும் தொடக் கூடாது என்று பெரிய பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து மூடினாள். யாரும் என்றால் நான்தான். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

அடுத்த நாள் மாலை நான் வேலையிலிருந்து வரும்போது பாத்திரம் நிமிர்ந்திருந்தது. அம்மா விமானத்தை மடியில் வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். முதலில் பிரஷ்ஷால், மெதுவாக. பிறகு அழுத்தி. பிறகு பிரஷ்ஷை வைத்துவிட்டுத் துணியை எடுத்து, மேசை துடைக்கிற மாதிரி துடைத்தாள். இறக்கை அசையவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இறக்கையின் நுனியைப் பிடித்து வளைத்தாள்.

"அம்மா! என்ன பண்ற? விடும்மா!"

படாரென்று முறிந்தது.

அம்மா இரண்டு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். என்னிடமும் நீட்டினாள். ஒட்டிய இடம் அப்படியே இருந்தது. இறக்கை நடுவில்தான் முறிந்திருந்தது, பிய்ந்து, பல்பல்லாக, வெள்ளை வெளேரென்று.

"பாத்தியா? நான் உடைச்சா இப்படித்தான்டி உடையும்!"

அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, அவள் துடைத்த அந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் கேட்கிற மாதிரி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்குக்கண்ணாடிக்குள் எல்லாம் கலங்கிவிட்டது.

"அழுமூஞ்சி. படிச்ச பிள்ளை அழுவுது பாரு." எழுந்து வந்தாள். என்னைக் கேட்காமலே முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். துணியின் சுத்தமான மூலையைத் தேடி எடுத்து, ஒரு பக்கம், மறுபக்கம் என்று துடைத்தாள். காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கி, திரும்ப மாட்டிவிட்டாள்.

"சரியாத் தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப அந்தச் சிமெண்ட்ட எடு. இதையும் ஒட்டிருவோம்."