பெட்டிக்கு ஒரு பிளக்

"இந்த ஒயர புடுங்கிடட்டாம்மா?" என்று கேட்டபடியே ஐஸ் பெட்டிக்காரர் கோபால் சுவரோரம் குனிந்தார்.

"தொடாதீங்க."

சொன்ன பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது மெர்சிக்குத் தெரிந்தது. பாயைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பாயில் அவள் அப்பா ஆசீர்வாதம். தாடையைச் சேர்த்துத் துணி கட்டியிருந்தது. விடிகாலை ஐந்தரைக்கு மூச்சு நின்றது. இப்போது மணி எட்டு.

"பெட்டிக்குப் பெரிய பின்னும்மா. ஹால்ல இந்த பிளக் ஒண்ணுதான் தோதா கீது. நான் வள்ளூர்ல இன்னொண்ணு எறக்கணும்."

"அஞ்சு நிமிஷம் குடுங்கண்ணா."

அந்த பிளக்கில் திரை உடைந்த பழைய லேப்டாப் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் பேட்டரி உப்பிப்போய் எப்போதோ கழற்றி எறிந்தாயிற்று. ஒயரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும்.

ஆசீர்வாதம் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் முப்பத்தொரு வருஷம் எலக்ட்ரீஷியன். நுரையீரல் கெட்டு வீட்டோடு ஆன பிறகு, போனில் படித்த பக்கங்களின் லிங்க்குகளைத் தன் வாட்ஸ்அப்புக்குத் தானே அனுப்பிச் சேர்த்துவைத்தார். போன் நிரம்பிவிட்டது. இணையத்தில் வெளிக் கம்பெனி எதனிடமும் கொடுத்துவைக்க மனமில்லை. "அவன் கடைய மூடினா நம்புளுது இன்னா ஆவறது?" என்பார். மெர்சி சிப்காட்டில் ஒரு கம்பெனியின் கணினிப் பிரிவில் இருந்தாள். நேற்று, ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்ததும் லிங்க்குகளைச் சேர்த்துவைக்கும் மென்பொருள் ஒன்றை அந்த லேப்டாப்பில் நிறுவினாள். ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகத்தானே என்று, தகவலை டிஸ்கில் வைக்காமல் தற்காலிக ஃபோல்டரில் வைத்தாள். மிஷின் அணைந்தால் அதில் இருப்பது அத்தனையும் போய்விடும்.

"டெஸ்ட்டுதாம்பா. ஒண்ணு ரெண்டு போட்டுப் பாரு," என்று மட்டும் சொன்னாள்.

அவர் இரண்டு தலையணைமேல் சாய்ந்துகொண்டு மாலைவரை மாற்றினார். ஒரு லிங்க்கை ஏற்றுவார். கீழே குறிப்பு எழுதுவார். பிறகு போனிலிருந்து அதை அழிப்பார். ராத்திரி கஞ்சி குடிக்கும்போது சொன்னார்: "நூத்தி அறுபத்தி மூணும் ஏத்திட்டேன். போன்ல சுத்தமா தொடச்சாச்சு. இப்ப லேசா கீது."

உடனே டிஸ்குக்கு மாற்றிவிட அவள் எழுந்தாள். அதற்குள் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு விடியும்வரை அவர் முதுகிலிருந்து கையை எடுக்க முடியவில்லை.

மாற்றுவதற்கு ஒற்றைவரிக் கட்டளை போதும். திரை உடைந்த லேப்டாப்புக்கு அதைக் கொடுக்கும் ஆப் அவள் போனில்தான் இருந்தது. போன் சித்தப்பா அன்புராஜிடம் இருந்தது. உறவுக்காரர்கள் நம்பரெல்லாம் அதில்தான் என்று காலையிலேயே வாங்கிப் போயிருந்தார்.

வாசலில் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு அவர் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா, அண்ணன்தான். காலீல. மீஞ்சூர்ல எறங்கி ஷேர் ஆட்டோ புடி..."

"சித்தப்பா, போன குடு."

"ஆர்.கே.பேட்டைக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுத் தரேம்மா. சொல்லலன்னு ஒங்க அத்த பத்து வருசத்துக்கு இழுக்கும்."

"குடு சித்தப்பா."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். போனைக் கொடுத்தார். பேட்டரி நான்கு சதவீதம் இருந்தது.

லேப்டாப் அருகே தரையில் உட்கார்ந்தாள். பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். "அப்பன் படுத்துக்கினு கீறாரு, இது போன நோண்டிக்கினு கீது பாரு."

"படிச்ச பொண்ணுக்கா. அழுவறதுகூட அதுலதான்."

அம்மா கன்னியம்மா தலையைத் தூக்கினாள். "மெர்சி, அந்த எழவ அணைச்சிட்டு வாடி. வெயில் ஏறுது. ஒடம்பு தாங்காது."

அம்மா சொன்னது சரி. மெர்சி கட்டளையை அடித்தாள். ஓர் எழுத்து தவறிவிட்டது. பிழை என்று வந்தது. மூன்று சதவீதம். பெட்டியின் ஒயரைக் கையில் சுற்றியபடி கோபால் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி அடித்தாள். இரண்டு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நகல் முடிந்தது என்று வந்தது. டிஸ்கில் இருக்கும் நகலைக் காட்டச் சொல்லிப் பட்டியலைத் திறந்தாள். நூற்று அறுபத்து மூன்று.

எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக ஏற்றியது இருந்தது. நேற்று மாலை ஆறு பத்து. மீஞ்சூர் ஐஸ் பெட்டி வாடகைக் கடை. கீழே அவர் குறிப்பு:

'இவங்களைக் கூப்பிடவும். பெட்டிக்குப் பெரிய பின். ஹால் பிளக்கை எடுக்க வேண்டாம், மெர்சி மிஷின் ஓடுது. சமையல்கட்டு பிரிட்ஜ் பிளக்கில் போடவும். ஒயர் எட்டாது. என் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாடிப்படிக்குக் கீழே இருக்கு. போன வாரமே லோடு பார்த்துட்டேன். தாங்கும்.'

இன்னொரு முறை படிப்பதற்குள் போன் அணைந்தது.

"அஞ்சு நிமிஷம் ஆச்சும்மா," என்றார் கோபால்.

"இத எடுக்காதீங்கண்ணா. பிரிட்ஜ் பிளக்குல போட்டுக்கலாம்."

"அங்கேர்ந்து எட்டாதே."

"மாடிப்படி கீழ ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கீது."

"வீட்டு பாக்ஸு கருகிப் பூடும்மா. நாம எத்தினி பாத்துக்கீறோம்."

"அது கருவாது."

கோபால் போய் எடுத்துவந்தார். தூசு இல்லை. ஒயரை இழுத்து இழுத்துப் பார்த்தார். "கம்பெனி ஒயரு. கெட்டியா கட்டி கீறாங்களே, யாரும்மா?"

மெர்சி சமையல்கட்டுக்குப் போய்விட்டிருந்தாள். பிரிட்ஜைத் திறந்தாள். தட்டு மூடிய கிண்ணத்தில், நேற்று ராத்திரி அவர் பாதி வைத்த கஞ்சி இருந்தது. பிரிட்ஜுக்குப் பின்னால் கையை நீட்டி அதன் பிளக்கைப் பிடுங்கினாள். உள்ளே விளக்கு அணைந்தது.

ஹாலில் பெட்டி உறுமத் தொடங்கும்வரை கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.