பின்வாசல் கேமராவின் மணி

கருப்புசாமியின் முகத்தில் விழிக்கவே நாகஜோதிக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வந்து நின்றாள். நாகல் நகரில் அவருடைய பூக்கடையில் வருஷக்கணக்காக மூட்டை தூக்கியவளை, போன வாரம் அத்தனை பேர் முன்னாலும் களவாணி என்று கத்தித் துரத்தியிருந்தார். கடை பூட்டியபின், ராத்திரி பத்து மணிக்கு, அவள் பின்வாசல் வழியே மல்லிகை மூட்டையைத் தூக்கிப்போனது கேமராவில் இருக்கிறதாம். அந்தப் படத்தை, இன்று கடைக்கு வரச்சொல்லியிருக்கும் போலீஸிடம் கொடுக்கப்போகிறார். கொடுத்துவிட்டால் அவள் பிழைப்பும் போச்சு, பேரும் போச்சு.

"என்னயப் பத்துன படந்தானே? நானும் பாப்பேன்" என்று கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"களவாணிக்கு வாயப் பாரு" என்றார் கருப்புசாமி.

புது சாஃப்ட்வேர் போட வந்த நாசர் இரண்டு பேரையும் கண்டுகொள்ளவில்லை. கேமரா ஒரு கம்பெனி, சாஃப்ட்வேர் வேறு கம்பெனி. இரண்டும் பேசிக்கொள்ள ஆன்விஃப் என்று ஒரு பொது முறை உண்டு. அதை வைத்து முன்வாசல் கேமராவை உடனே சேர்த்துவிட்டான். பின்வாசல் கேமரா மட்டும் உள்ளே விடுவேனா என்றது.

"பாஸ்வேர்டத் தப்பா அடிக்கிறீரு பாய். வேல தெரியாட்டி எந்திரிச்சுப் போரும்."

நாசருக்குச் சுருக்கென்றது. "பாஸ்வேர்டு சரிதாண்ணே, கத்தாதீக. கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் மணி ஒத்துப்போகலைன்னா கேமரா கதவச் சாத்திரும். ஒங்க கேமராவுலதான் மணி கோளாறு. வேற வழியாத் தொறந்து காட்டுறேன், பாருங்க."

திரையில் பின்வாசல் வந்தது. மூலையில் பொடி எழுத்தில் மணி ஓடிக்கொண்டிருந்தது. நாகஜோதி குனிந்து பார்த்தாள். பன்னிரண்டரை. நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "பத்து மணிய இது பன்னெண்டரைங்குது. அப்ப அன்னிக்கு இது காட்டுன பத்து மணி எம்புட்டு மொதலாளி? ஏழரை! ஏழரைக்கு நீங்கதானே கல்லாவுல ஒக்காந்துக்கிட்டு, பழனி வேன்ல இந்த மூட்டையப் போடுன்னு வெரட்டுனீக?"

"நேத்துத்தான் கோளாறாச்சோ என்னமோ."

"இல்லண்ணே" என்றான் நாசர், கொஞ்சம் சந்தோஷமாகவே. "இது சீனா மணி. பெட்டியப் பிரிச்ச நாள்லருந்து இப்படித்தான் ஓடுது. மாட்டுனவன் மாத்தவே இல்ல."

கருப்புசாமிக்கு ஏழரை அந்த நிமிஷம்தான் பிடித்தது. முகம் தொங்கிப்போனது. "சரி பாய், மணியத் திருத்திக் கனெக்ஷனக் குடும்." குரலும் இறங்கிவிட்டது. "நாகஜோதி, நாளைலருந்து வேலைக்கு வா. நடந்தத விட்டுத்தள்ளு."

விட்டுத்தள்ளுவதாம்! களவாணி என்று சொல்லும்போது ஊர் கூட்டிக் கத்தியவர், இல்லை என்று ஆனதும் காதோடு காதாகப் பேசுகிறார். அவள் வேலையையா கேட்டாள்?

நாசர் மணியைத் திருத்தப் போனான். நாகஜோதி அவன் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினாள்.

"தொட்டீகன்னா நடக்குறது வேற பாய். அந்த மணி அப்படியே கெடக்கட்டும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தக் கடையில் முதன்முறையாக முதலாளிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"போலீஸு வரட்டும் மொதலாளி. நீங்க கூப்புட்ட போலீஸுதானே?"