கடற்கரை ரயிலுக்கு ஒரு முழம் மல்லிகை

"கோழிக்கோட்டுல எறங்குனா அல்வா வாசம். வடகரையில கொப்பரை. தலச்சேரியில கருவாடும் மொளகும். கண்ணூர்ல..." என்று விரல் மடக்கிக்கொண்டே வந்த தரணிதரன் கண்ணூரில் நின்றுவிட்டார். சாப்பாட்டு மேசையின் மறுபக்கம் கைபேசியில் ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஷண்முகப்ரியா, "கண்ணூர்ல கோட்டைங்க" என்று எடுத்துக் கொடுத்தாள். "கோட்டைக்கு என்ன வாசம் இருக்கப் போவுது?" என்றார் அவர். கேலியாகச் சொன்னதுபோல் இல்லை. அந்த ஊரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாமா என்று யோசிப்பவர்போலக் கேட்டார்.

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. கோட்டையைப் பார்க்க ஒரு கூட்டம் போகும், கோயிலைப் பார்க்க ஒரு கூட்டம் போகும், இந்த மனிதர் மட்டும் மூக்கை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்புகிறார் என்று நினைத்துக்கொண்டாள். தொழில் அப்படி. குன்னூரில் தேயிலை ஏலத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு புரோக்கர் கம்பெனியில் தரணிதரன் டீ டேஸ்டர். வாராவாரம் மலை முழுக்க உள்ள ஃபேக்டரிகளிலிருந்து சாம்பிள் வரும். நீண்ட மேசையில் வரிசையாகக் கோப்பைகளை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்பிவிட்டு, இந்தச் சரக்கு இன்ன விலை போகும் என்று சொல்லவேண்டும். அவர் சொல்லும் விலையில்தான் ஏலமே தொடங்கும்.

அந்த நாக்கையும் மூக்கையும் வைத்துக் குடும்பம் நடத்தியதில் ஷண்முகப்ரியா இழந்தது கொஞ்சநஞ்சமல்ல. டேஸ்டிங் உள்ள நாட்களில் வீட்டில் பெருங்காயம் தாளிக்கக் கூடாது. ஊதுபத்தி, சாம்பிராணி கிடையாது. தலைக்கு வாசனை எண்ணெய் கூடாது. கருவாடு இந்த வீட்டு வாசலையே மிதித்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, மல்லிகை கூடாது. பொள்ளாச்சியில் தினமும் பூ வைத்துப் பழகியவள், கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆசையாக மல்லிகை வைத்துக்கொண்டு வாசலில் நிற்க, அவர் கேட்டைத் தாண்டும்போதே, "கண்ணு, அந்தப் பூவை எடுத்துரு. நாளைக்கு நூறு கப்பு குடிக்கோணும்" என்றார். அன்றைக்கு எடுத்ததுதான். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகூட வைத்துக்கொள்ளத் தோன்றுவதில்லை.

கடற்கரைப் பயணமும் அதே கணக்கில்தான் தள்ளிப்போனது. அவள் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுக்கிறாள். வருஷம் தவறாமல் வாஸ்கோடகாமாவைக் காப்பாட்டுக் கடற்கரையில் இறக்கிவிடுகிறாள், பிள்ளைகளைத் தலைச்சேரிக் கோட்டைக்குள் மிளகு மூட்டைகளோடு கூட்டிப்போகிறாள். ஆனால் இந்த மலையிலிருந்து இறங்கினால் ஒருநாள் தூரத்தில் இருக்கும் அந்தக் கரையை அவள் கண்ணால் கண்டதில்லை. "ஏனுங் டீச்சர், நீங்க போயிருக்கீங்களா?" என்று ஒரு பெண் கேட்டபோது, அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னாள். கேட்கும்போதெல்லாம் கணவரிடம் பதில் தயாராக இருக்கும். உப்புக்காத்து நாக்கைக் கெடுத்துரும், கருவாட்டு நாத்தம் வாரக்கணக்கா மூக்கைவிட்டுப் போகாது, ஏலத்துக்கு லீவே இல்ல.

அப்படிப்பட்டவர், போன வாரம் தானாகவே, அதுவும் சரக்கு மலைமலையாக வந்து குவிகிற பருவத்தில், "பிரியா, அந்த ரயில் ட்ரிப்பு போயிரலாமா?" என்றார். அவள் கையிலிருந்த விடைத்தாள் கட்டு கீழே விழுந்தது. காரணம் கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடுமோ என்ற பயம். கோயம்புத்தூரில் ஏறி ஷொர்ணூர் வழியாகக் கோழிக்கோடு, அங்கே ஒரு நாள், பிறகு தலைச்சேரி, கண்ணூர், கடைசியில் பேக்கல். பேக்கலில் எல்லா ரயிலும் நிற்காது, நிற்கிற ரயிலாகப் பார்த்துப் பிடிக்கவேண்டும். வடக்கே போகும்போது கடல் இடதுபக்கம் வரும், ஆகவே இடதுபக்க ஜன்னல். இதையெல்லாம் அவள் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்துவைத்தாள். பணம் கட்டுவது ஒன்றுதான் பாக்கி.

சனிக்கிழமை சாயங்காலம் அரவேணுவிலிருந்து ஆறுச்சாமி வந்தார். அங்கே சின்னதாக ஒரு டீ ஃபேக்டரி வைத்திருப்பவர். சுற்றுவட்டாரத்துச் சிறு தோட்டக்காரர்கள் பறித்துக் கொடுக்கிற இலையை வாங்கித் தூளாக்கி ஏலத்துக்கு அனுப்புகிறவர். கையில் ஒரு தூள் பொட்டலம்.

"அம்மிணி, தம்பி போட்ட வெலைக்கு நானு நேர்ல வந்து கும்புடோணும்னு வந்தனுங். இந்த வருசத்துலயே என்ற சரக்குக்கு இப்பிடி ஒரு வெலை போட்டதில்லீங், வெள்ளிக்கெழமை ஏலத்துக்குப் போவுது. இது அதே தூளு. ஒரு கப்பு போடுங், எல்லாருமே குடிக்கலாம்."

அவள் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் கொதிக்கவைத்துத் தூளைப் போட்டாள். வடிகட்டியில் ஊற்றும்போதே குப்பென்று அடித்தது. புகை. ஈர விறகு எரிந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் டேஸ்டரோடு வாழ்ந்தவளுக்கு அது தெரியாதா என்ன? இலையைக் காயவைக்கிற டிரையரில் எங்கேயாவது விரிசல் விட்டால் அடுப்புப் புகை உள்ளே புகுந்து தூளில் ஏறிவிடும் என்று இதே மனிதர்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒருமுறை இந்த வாடை அடித்த கோப்பையை மூக்கருகே கொண்டுபோகும் முன்பே தள்ளிவைத்தவர்.

அவள் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஆறுச்சாமி மடமடவென்று குடித்தார். அந்தப் புகைக்குள்ளேயே நாளெல்லாம் நிற்பவருக்கு அது எங்கே தெரியப் போகிறது. தரணிதரன் நிதானமாக ஒரு வாய் உறிஞ்சினார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் ஆறுச்சாமியின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "நல்லா இருக்குதுங்" என்றார்.

"பொறவு என்னங், ஃபிட்டரு வந்து டிரையரைப் பிரிச்சுப் பாக்கோணும்னு சொல்லிட்டுக் கெடந்தான். தம்பியே நல்ல வெலை போட்டுட்டாரு, அப்பறம் எதுக்குடா பிரிக்கறதுன்னு உட்டுப்போட்டேன். ராப்பகலா ஓடுது" என்று ஆறுச்சாமி சிரித்தார்.

அவள் தன் கோப்பையைக் குடிக்கவில்லை.

அன்றைக்கும் மறுநாளும் அவள் எதுவும் கேட்கவில்லை. பழைய விஷயங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. பால் தீய்ந்த அன்று அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மழைக்காலத்துக் காய்ச்சலுக்குப் பிறகு ரசம் எப்படி என்று கேட்டால் "ம்" என்கிறார். ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு சமாதானம் வைத்திருந்தாள். வயசு, களைப்பு, ஆபீஸ் ஞாபகம். புகைக்கு மட்டும் எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மார்க்கெட்டில் இறங்கி ஒரு முழம் மல்லிகை வாங்கினாள். பூக்காரி தெய்வம்மா, "என்னங்க டீச்சர், ஊட்டுல விசேசமா?" என்று கேட்டபோது தலையை ஆட்டிவைத்தாள். என் சந்தேகம் பொய்யாகட்டும், வாசலிலேயே நிறுத்தி என்னைத் திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் வீட்டுக்கு நடந்தாள்.

அவர் வருவதற்குச் சற்று முன்னால் மழையோடு கரண்ட் போனது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி அடைத்துக்கொண்டதில் வீடு இருண்டுவிட்டது. மெழுகுவர்த்தியை எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். இருட்டில் பூ கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கு மட்டும்தான் தெரியும். அவள் மெழுகுவர்த்தியைத் திரும்ப வைத்துவிட்டாள்.

தரணிதரன் குடையை உதறிவிட்டு வந்து, தடவித் தடவி மேசையருகே உட்கார்ந்தார். அவள் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். மூடிய வீடு முழுக்க மல்லிகை நிறைந்து கிடந்தது. அவளுக்கே தலை கிறுகிறுத்தது.

"டிக்கெட்டுப் போட்டுட்டியா?" என்றார்.

"இன்னும் இல்லீங்க."

"இன்னைக்குப் போட்டுரு. வெள்ளிக்கெழமை ஏலம் முடிஞ்ச கையோட கெளம்பிரலாம். அந்தத் தலச்சேரி மீன் மார்க்கெட்டுல ஒரு மணி நேரமாச்சும் நிக்கோணும்."

அவள் குனிந்து, அவர் தோளுக்கு மேலாகக் கைபேசியை மேசையில் வைத்தாள். பூச்சரம் அவர் காதில் உரசியிருக்கும். அவர் காதைத் தடவிக்கொண்டு, "ஜன்னல் சீட்டுதானே?" என்று மட்டும் கேட்டார். எத்தனையோ வருஷம் இந்த மனிதரின் மூக்கை மனதுக்குள் சபித்திருக்கிறாள். அதே மூக்குக்காக இப்போது அழுகை வந்தது.

கரண்ட் வந்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரும்பினார். அவள் தோளில் தொங்கிய பூவைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி பூவைப் பார்த்தார்.

"எப்ப வெச்ச?"

"நீங்க வர்றதுக்கு முன்னாலயேங்க."

குடையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தொவர்ப்புத் தெரியுது. கசப்புத் தெரியுது. மத்ததெல்லாம் அந்தக் காய்ச்சலோட போயிருச்சு. ஆபீஸ்ல செலஸ்டினை மொதல்ல குடிக்க உட்டுருவேன். அவனும் டேஸ்டருதானே, அவன் புருவத்தைப் பாத்தே ஓட்டிட்டு இருந்தேன். போன வாரம் அவன் லீவு, நானே குத்துமதிப்பா வெலை போட்டேன்."

"ஆறுச்சாமி அண்ணன் தூள்ல பொகைங்க."

"பொகையா?" என்றார். அடிபட்டவர்போல நிமிர்ந்தார். "நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்க என்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றாள். "அப்ப இந்த ரயிலு, கோட்டை எல்லாம்?"

"கருவாட்டுச் சந்தையில போயி நின்னாக்கூடவா ஒண்ணும் தெரியாதுன்னு பாக்கோணும், பிரியா. கடலே அடிச்சு எழுப்புனாத் திரும்பி வந்துராதான்னு ஒரு ஆசை. போயிட்டு வந்து ஆபீஸ்ல சொல்லிக்கறேன். இந்த ஒரு ஏலம் மட்டும் முடியட்டும்."

ஆக, தனக்காகக் கிளம்பிய பயணம் இல்லை இது. அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இருந்தும் அந்த இடதுபக்க ஜன்னல் அவள் கண்முன்னால் வந்து நின்றது. இப்போது பட்டனை அழுத்தினால் போதும், அடுத்த வாரம் பேக்கல் கோட்டைச் சுவரில் சாய்ந்துகொண்டு கடலைப் பார்க்கலாம். அவர் உண்மையைச் சொல்லிவிட்டாலோ வேலை போகும், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவார்கள், கடற்கரை ரயில் இந்த ஜென்மத்தில் கிடைக்காமலே போகலாம். ஒரு வாரம்தானே என்று அவளுக்குள்ளும் ஒரு குரல் சொன்னது. அந்த ஒரு வாரமும் அரவேணுவில் டிரையர் ராப்பகலாக ஓடும். ஓடி முடிந்த சரக்கு மொத்தமும் புகையடித்துத் திரும்பிவரும். அப்புறம் அந்த ஃபேக்டரியின் பெயரைச் சொன்னாலே வாங்குகிறவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கும்பிட வந்த மனுஷன்.

அவள் கைபேசியை எடுத்தாள். பயணிகள் பெயர், வயது, ஜன்னல் இருக்கை எல்லாம் நிரப்பிவைத்த பக்கம் இன்னும் திறந்திருந்தது. அதை மூடினாள். ஆறுச்சாமியின் எண்ணைத் தேடி எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"கடலு எங்கீங்க போயிரப் போவுது" என்றாள். "மொதல்ல இவருகிட்டச் சொல்லுங்க."

அவர் தொடவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. கடைசியில் அவரே ஒற்றை விரலால் அழுத்தினார். ஸ்பீக்கரில் மணி போய்க்கொண்டே இருந்தது. அவர் மறுகையை நீட்டி, அவள் தோளில் கிடந்த சரத்தின் நுனியைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார். அவள் இடம் கொடுத்துக் குனிந்தாள். அவர் கண்ணை மூடி, டேஸ்டிங் மேசையில் இழுப்பதுபோல ஒரு நீண்ட மூச்சு இழுத்தார்.

மறுமுனையில் ஃபேக்டரி இரைச்சல் வீட்டுக்குள் கொட்டியது. "சொல்லுங் தம்பி" என்று ஆறுச்சாமி அதற்கு மேலாகக் கத்தினார். "தம்பி? சத்தமாச் சொல்லுங், இங்க மிசினு ஓடிட்டிருக்குது!"

தரணிதரன் பூவை விடாமல் வாயைத் திறந்தார்.