கூரையை முதலில் மடித்தது யார்?

கட்டடக்கலைத் துறை வராந்தாவில் இருந்த அட்டை மாதிரியைப் பார்த்ததும் ஸ்கேலுக்கு உச்சி மண்டை கொதித்தது. பேருந்து நிலையம், மேலே விசிறி போல் மடித்த கூரை, பதினொரு மடிப்பு. மூன்று வாரம் பிளேடும் பசையுமாக விரல் தோலை உரித்துக்கொண்டு அவள் மடித்த அதே கூரை, பக்கத்துக் குழுவின் பெயரில் நேற்றே மேசையேறிவிட்டது. இறுதியாண்டு மதிப்பெண்ணில் பாதி இந்த ஒரு மாதிரிக்குத்தான்.

எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டாள் என்பதால் அவள் ஸ்கேல். அவளுடைய கூட்டாளி லைக்கு. சோறில்லாமல் இருப்பான், லைக் இல்லாமல் இருக்க மாட்டான்.

“உண்மையச் சொல்லு. நம்ம கூரைப் படத்த எங்கடா போட்ட?”

“போன வாரம்... சும்மா ஒண்ணு. இருநூத்திப் பத்து பேர் பாத்தாங்க தெரியுமா?”

“பாத்தாங்களா? அளவெடுத்துட்டே போயிட்டாங்கடா! கடை திறக்கறதுக்கு முன்னாடியே சரக்க நடுரோட்டுல கொட்டிட்டு, கூட்டம் வந்துச்சுன்னு குதிக்கிறியா?”

“உன் பேரையும் போட்டிருந்தேனே...”

“எதுக்கு, திருடனுக்கு வழி காட்டவா? அழிடா. என் கண்ணு முன்னாடி அழி!”

அழித்தான். அவள் போட்ட சத்தத்தில் போன் தானாகவே அழித்திருக்கும்.

அரைமணி நேரத்தில் துறைத்தலைவி இரு குழுவையும் அழைத்தார். இரண்டு மாதிரிகளையும் அருகருகே வைத்துக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

“ரெண்டும் ஒரே அச்சு. யாரு முதல்ல செஞ்சது? நீங்களே எழுதின தேதி, உங்க போன்ல இருக்கற தேதியெல்லாம் எனக்கு வேண்டாம். நாலு பேர் பாத்த ஆதாரம் வேணும். மதியத்துக்குள்ள வரலன்னா ரெண்டு குழுவுக்கும் முட்டை.”

“நாங்க நேத்தே குடுத்துட்டோம் மேடம்” என்று குழைந்தான் பக்கத்துக் குழுத் தலைவன். பேச்சில் வழுக்குவதால் அவன் வெண்ணெய்.

ஸ்கேலுக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு பேர் என்ன, இருநூற்றுப் பத்து சாட்சிகளோடு இருந்த ஒரே ஆதாரத்தை அவளே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறாள்.

வெளியே வந்ததும் வெண்ணெயின் படத்தைப் போட்டு, ‘திருட்டுப் பயல்’ என்று தட்டத் தொடங்கினாள். லைக்கு போனைப் பிடுங்கினான்.

“ஒரு நாளைக்கு ஒரு தப்பு போதும் தாயே! அழிச்சது முப்பது நாள் குப்பைத்தொட்டில கிடக்கும்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“பத்து லைக் கூட வராததையெல்லாம் அழிச்சிடுவேன். அப்புறம் மனசு கேக்காம திரும்ப எடுத்துப்பேன்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. படம் வந்தது. போன வாரத் தேதி, பார்த்த இருநூற்றுப் பத்து பேர் கணக்கு, எல்லாம் அப்படியே. கீழே வெண்ணெயின் கேள்வி: ‘செம மச்சி! மடிப்பு எத்தனை டிகிரி?’ அதற்குக் கீழே லைக்குவின் பதில்: ‘முப்பத்தஞ்சு.’ பக்கத்தில் ஓர் இதயம் வேறு.

துறைத்தலைவி இரண்டு முறை படித்துவிட்டு, வெண்ணெயின் மாதிரியை மேசையிலிருந்து கீழே இறக்கி வைத்தார். வெண்ணெய் உருகி நின்றான்.

வராந்தாவில் லைக்கு பல்லைக் காட்டினான். “பாத்தியா? நான் போட்டதாலதான் தப்பிச்சோம்.”

“மார்க் வரட்டும்” என்றாள் ஸ்கேல், பல்லைக் கடித்துக்கொண்டு. “அப்புறம் உன்னப் பதினொண்ணா மடிக்கிறேன். அதையும் படம் புடிச்சுப் போடு.”