ஹாஜியாரின் சிரிப்பு

சுபஹு பாங்குச் சத்தத்தில் கண் விழித்தபோது அப்துல் ஸமத்தின் மாடி அறை பச்சையாக இருந்தது. சுவர் பச்சை, நுளம்புவலை பச்சை, வாதம் அடித்துச் செத்துக்கிடந்த வலது கையும் பச்சை. மௌத்தாகிவிட்டோமோ என்று நினைத்தார். அப்படியொன்றும் பயமாக இல்லை. பிறகுதான் கட்டிலோரத்து ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்ற முகத்தைக் கண்டார். தெருவிளக்கு அதற்குப் பின்னால் எரிந்தது.

முதுகுப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் முஹம்மது ஹாஜியார் ஹாஜியார்தான். பச்சைப் பேனரின் எழுத்துகள் மட்டும் திரும்பிக் கிடந்தன. கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தார்: மாத்தளையின் விடிவெள்ளி. விடிவெள்ளி வந்து விடியலை மறைத்துவிட்டது.

நேற்று மாலை ஹாஜியாரின் மருமகன் ஹாஷிம் வந்து, “ஜன்னல் கம்பியில ஒரு கயிறு மட்டும் கட்டிக்கிறேன் ராத்தா” என்றான். கயிறுதானே என்று மனைவி ஸுபைதா தலையாட்டினாள். கயிற்றின் மறுமுனையில் ஹாஜியார் இருப்பார் என்று யார் கண்டது.

எதிரே மிளகாய் மில் இருந்த காலத்தில் இந்தத் தெரு தும்மித்தான் விடியும். மில் போய் டயர்க் கடை வந்தது. அதுவும் போய், இப்போது தங்கப் பூச்சுத் தூண்களோடு ஹாஜியாரின் கல்யாண மண்டபம். இன்று திறப்பு விழா. பக்கத்துக் கறுவாப்பட்டை ஸ்டோர் இருந்த இடத்தில் ஜிம். தும்மலை யாரும் தேடவில்லை. ஸமத்தும் தேடவில்லை. படுத்ததிலிருந்து அவருக்கு எதையும் தேட வரவில்லை.

ஒன்றைத் தவிர. விடிகிற நேரம் மண்டபத்து மூலையில் கார்மெண்ட் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும். அதில் ஏற ஜஸ்லா வருவாள். தன் விருப்பத்துக்குக் கல்யாணம் கட்டிக்கொண்டு போன மகள். அவள் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்பது ஸுபைதாவின் சட்டம். ஸமத்துக்கு நாக்கே எழாமல் போனது சட்டத்துக்கு வசதியாயிற்று. பஸ்ஸில் ஏறுமுன் ஜஸ்லா நிமிர்ந்து பார்ப்பாள். இவர் இடது கையைத் தூக்குவார். வாப்பா இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிய வேறு வழி இல்லை. இன்று நிமிர்ந்தால் ஹாஜியார் சிரிப்பார்.

கட்டில் சட்டத்தைத் தட்டினார். ஸுபைதா குசினியிலிருந்து வந்தாள்.

“என்ன, தண்ணியா?”

ஜன்னலைக் காட்டினார்.

“ஹாஜியார்தான். பகல் வரைக்கும் பொறுங்களேன், கழட்டிருவாங்க.”

மறுபடியும் தட்டினார். விடாமல் தட்டினார். அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். உள்ளே போய், மீன் வெட்டும் கத்தரிக்கோலோடு வந்தாள். கம்பிக்கிடையே கையை விட்டு பேனரை இழுத்துப் பிடித்துக் குத்தினாள்.

கீழே மண்டபத்துப் படிக்கட்டில் சிவப்புக் கம்பளம் விரித்துக்கொண்டிருந்த ஹாஷிம் நிமிர்ந்தான்.

“ராத்தா, என்ன செய்றீங்க? அது மாமாட முகம்.”

“காத்துக்கு ஓட்டை போடுறேன் மவன். இல்லாட்டி கிழிஞ்சி போகும்.”

“ஓரத்துல போடேலாதா?”

“ஓரத்துல காத்து வாரதில்ல.”

“சிரிப்புல வெட்டிட்டீங்களே ராத்தா. மந்திரியெல்லாம் வாராரு.”

“பெரிய சிரிப்புதானே. கொஞ்சம் கொறஞ்சா ஒண்ணும் ஆகாது.”

கத்தரிக்கோலை முந்தானையில் துடைத்தாள். ஸமத்தின் தோளுக்குக் கீழே கை கொடுத்து அவரை ஜன்னல் பக்கம் சாய்த்தாள். அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“சுருக்கா. பஸ் வார நேரம்.”

இவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க நாக்கு இல்லை.

ஓட்டை உள்ளங்கை அகலம். ஸமத் கண்ணை வைத்துப் பார்த்தார். ஈரத் தெரு. தூணில் தங்கப் பூச்சு. கம்பளத்தின் நடுவில் ஒரு நாய், மந்திரிக்கு முன்னதாகவே வந்து படுத்திருந்தது. வளைவில் பஸ்ஸின் வெளிச்சம் திரும்பியது. மூலையில் ஒரு கறுப்பு ஹபாயா, அவள்தானா என்று தெரியவில்லை.

கண்ணை வைத்தால் கைக்கு இடமில்லை.

தலையைப் பின்னுக்கு இழுத்து, இடது கையை நுழைத்தார். வெளியே விரல்களில் பனி பட்டது. பஸ் நின்றது, கதவு திறந்தது. அவருக்கு முன்னால் பச்சை மட்டும் இருந்தது. ஹாஜியாரின் வாயிலிருந்து ஒரு கை நீண்டு, தெருவைப் பார்த்து விரிந்து நின்றது. பஸ் புறப்படும் சத்தம் இன்னும் வரவில்லை.