கோண மூக்கு வளைவு

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாதா கோயில் எங்கே என்று கேட்டால், "அதோ ஊசியாட்டம் கோபுரம் தெரியுது பாரு, அதான்" என்பார்கள். விக்டோரியா ராணி காலத்தில் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் தம் ஊர்க் கோயிலை நினைத்து வரைந்து கொடுக்க, கோட்டை மலையடிவாரத்துக் கொத்தர்கள் கட்டியது. உள்ளே இரண்டு வரிசைத் தூண்கள். தூணுக்குத் தூண் கைகூப்பியது போல உச்சி கூரான வளைவுகள். எந்த வளைவை எந்தக் கொத்தர் எழுப்பினாரோ, அந்த வீட்டார்தான் திருவிழாவுக்கு முன் அதற்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். அதன் கீழேதான் உட்காரவும் வேண்டும். ஆயரே வந்து சொன்னாலும் இதில் மாற்றமில்லை.

செல்லப்பன் வீட்டுக்குப் பீடத்தை ஒட்டிய வளைவு. நூல் பிடித்தது போல நிற்கும். செல்லப்பனும் அப்படித்தான் உட்காருவார்.

தொல்லையெல்லாம் மணிக்கூண்டுப் பக்கத்துக் கடைசி வளைவால். உச்சி ஒரு பக்கமாக ஒதுங்கி, ஒரு கால் தடித்து, அடிவாங்கிய மூக்கு மாதிரி இருக்கும். அதற்கு உரிமை கேட்டு எவரும் வந்ததில்லை. சுண்ணாம்பு காணாமல் கறுத்துக் கிடந்த அந்த இடத்தில் பேண்டு செட்டு மேளத்தை வைத்திருந்தார்கள். அதைக் கட்டியவரும் தன் கொள்ளுத்தாத்தா சவரிமுத்துதான் என்று செல்லப்பனுக்குத் தெரியும். அவருடைய நைனா சொல்லியிருந்தார். "வெளிய சொல்லிடாத" என்பதையும் சேர்த்து.

இந்த ஆண்டு பழுதுபார்க்கும் வேலைக்காகப் பங்குச் சாமியார் விமல்ராஜ் கூட்டம் போட்டார்.

"அந்தக் கோணலை இடிச்சிட்டு நேரா கட்டிடலாம்னு பாக்கறோம். கட்டின வீட்டுக்காரங்க சம்மதம் வேணும். யாருது?"

"செல்லப்பன் வீட்டுது சாமி" என்றார் எதிர் வரிசை வளைவுக்காரர் தனகோட்டி. செல்லப்பனுக்கு மச்சான் முறை.

செல்லப்பன் எழுந்தார். "இன்னா மச்சான், வாய்க்கு வந்ததப் பேசற? கோணலா ஒரு வளைவு எங்க வம்சத்துல எவனும் கட்டல. மாதா மேல ஆணை!"

குடும்ப மானத்துக்காகச் சொல்வது பொய்யில் சேராது என்பது அவர் கட்சி. சபையில் சொன்ன சொல்லை மாற்றியதில்லை என்பது அந்த வீட்டின் இன்னொரு பெருமை.

இடிக்குமுன் பார்த்துவிட என்ஜினியர் கலைச்செல்வி வந்தார். தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தார், அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்தார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லார் முன்னும் சொன்னார்.

"நல்லவேளை இடிக்கல. கட்டும்போதே மணிக்கூண்டு ஒரு பக்கமா இறங்கியிருக்கு. அதைப் பாத்த கொத்தர் வளைவைச் சாய்ச்சு, காலைத் தடியாக்கி, கூண்டுக்கு முட்டுக் கொடுத்திருக்காரு. இது கோணலே இல்லைங்க, முட்டு. யாருங்க அந்தப் புத்திசாலி?"

தனகோட்டி துள்ளி எழுந்தார். "எங்க பாட்டன்தான் மேடம்!"

"போன வாரம் செல்லப்பன் வீட்டுதுன்னீங்களே?" என்றார் சாமியார்.

"அவருதான் இல்லன்னு ஆணையே வெச்சிட்டாரே சாமி. அனாதையா வுட முடியுமா? நான் எடுத்துக்கினேன்."

கோயில் சிரித்தது. செல்லப்பன் மனைவி ரஞ்சிதம் அவரை முழங்கையால் இடித்தாள். "ஏந்திரிச்சி சொல்லுய்யா. நம்மளுது போவுது."

"சபையில சொன்ன சொல்லுடி."

"அப்ப அந்தச் சொல்லையே கட்டிக்கினு அழு."

தனகோட்டி அதற்குள் மேளத்தை நகர்த்திவிட்டு, துண்டை உதறி, வளைவின் கீழே உட்காரப் போனார். செல்லப்பன் கணக்குப் போட்டார். சொல்லை விட்டால் மானம் போகும். வாயை மூடிக்கொண்டிருந்தால் சவரிமுத்து போய்விடுவார்.

"நில்லு மச்சான்!" என்று எழுந்தார். "சாமி, கோணலா வளைவு எங்க வம்சம் கட்டலன்னேன். இப்பவும் அதையேதான் சொல்றேன். ஆனா மேடம் இன்னா சொன்னாங்க? அது கோணலே இல்ல, முட்டுன்னாங்க. முட்டுக் குடுத்தது எங்க கொள்ளுத்தாத்தா சவரிமுத்து. அத நான் எப்ப இல்லன்னேன்?"

கலைச்செல்வி மணிக்கூண்டை அக்கறையாக அண்ணாந்து பார்த்தார்.

"சரிதான்" என்றார் தனகோட்டி, துண்டைத் தோளில் போட்டபடி. "உங்களுதுன்னா நீதான் சுண்ணாம்பு அடிக்கணும். இத்தன காலமா அடிக்காததையும் சேத்து அடி."

"அடிக்கிறேன். ஏணி கொண்டாரச் சொல்லு."

ஆள் வைக்கலாம் என்று சாமியார் சொல்லிப் பார்த்தார், செல்லப்பன் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். கீழே ஏணியைப் பிடித்திருந்தவர் தனகோட்டி. கையை எடுத்துவிடலாமா என்று இரண்டு முறை தோன்றியதாகப் பிறகு டீக்கடையில் சொன்னார். எடுக்கவில்லை.